மனசா, படிப்பா: பென்னாகரம் ஆசிரியைக்கு ஒரு பதில்

கேள்வி: தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஏழாம் வகுப்பில் ஒரு பையன். அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலை, இவன் பாட்டியிடம் வளர்கிறான். முதல் பாடவேளையிலேயே தூங்கிவிடுகிறான். எழுப்பி வாசிக்கச் சொன்னால் கையால் வாயை மூடிக்கொண்டு நிற்கிறான், ஒரு வார்த்தை வராது. திங்கட்கிழமை பெரும்பாலும் வருவதில்லை. சக ஆசிரியர் ஒருவர் "ரெண்டு போட்டா சரியாயிடுவான்" என்கிறார். இன்னொருவர் "பாவம், மனசு சரியில்லாத பையன், படிப்பெல்லாம் அப்புறம், விட்டுடுங்க" என்கிறார். முதலில் அவன் மனசைச் சரிசெய்வதா, படிப்பைச் சரிசெய்வதா? நானே கவுன்சலிங் கொடுக்கலாமா? செருப்பில்லாமல் வருகிறான், வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்:

வணக்கம் டீச்சர். உங்கள் சக ஆசிரியர்கள் இருவரும் எதிரெதிராகப் பேசுவது போலத் தெரிந்தாலும் முடிவு ஒன்றுதான், இரண்டு பேருமே அவனுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கப் போவதில்லை. எனக்கு உங்கள் கடிதத்தில் உறுத்தியது அதுதான். ஏழாம் வகுப்பு வரை வந்தும் எழுத்துக் கூட்டத் தெரியாத ஒரு பையன், காலையிலிருந்து சாயங்காலம் வரை, பாடவேளைக்குப் பாடவேளை, தனக்குப் புரியாத ஒன்றை எல்லோரும் புரட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு, எப்போது தன் பெயர் வருமோ என்று உட்கார்ந்திருக்கிறான். வருடக் கணக்கில். இதற்குமேல் மனசு கெடுவதற்குத் தனியாக ஒரு காரணம் வேண்டுமா? அப்பா அம்மா பக்கத்தில் இல்லாத ஏக்கம் இருக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதை நீங்களோ நானோ மாற்ற முடியாது. வாசிப்பை மாற்றலாம். இவன் விஷயத்தில் மனசுக்கான மருந்தே முக்கால்வாசி அதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

அடிக்கிற யோசனைக்கு அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் சேர்த்தே தடை செய்கிறது. வெளியே நிற்க வைப்பது, "மக்கு" என்பது, மதிப்பெண்ணை வகுப்பு முன்னால் படித்துக் காட்டுவது எல்லாம் இரண்டாவது ரகம், அதை நாம் தண்டனையென்றே நினைப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

இனி ஒரு சின்னக் கணக்கு. இந்த 2025–26-இல் ஏழாம் வகுப்பு படிக்கும் பிள்ளை 2019–20-இல் ஒன்றாம் வகுப்பு. 2020 மார்ச்சில் பள்ளிகளைப் பூட்டினோம். ஒன்றிலிருந்து எட்டு வரையான வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1. அதாவது இரண்டாம் வகுப்பு முழுவதும் அவன் பள்ளிக்கூட வாசலையே மிதிக்கவில்லை, எழுத்துகள் ஒட்டிக்கொள்ள வேண்டிய வருடம் அது. வீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் இருந்த பிள்ளைகள் எப்படியோ கரையேறிவிட்டார்கள், பாட்டி வீட்டுப் பிள்ளைகள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். 2022 ஜூனில் அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமான ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் ஒன்று முதல் மூன்று வரை வந்தபோது இவன் நாலாம் வகுப்புக்குப் போய்விட்டான். நாலு, ஐந்துக்கும் விரிவாக்கியபோது இவனுக்குக் கிடைத்தது ஐந்தாம் வகுப்பு என்கிற ஒரே ஒரு வருடம். எட்டு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை என்பதால் (அது சரியான கொள்கைதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை) அப்படியே மேலே வந்துவிட்டான். இதில் அவன் தப்பு எங்கே இருக்கிறது என்று அந்த "ரெண்டு போடு" ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்.

சரி, செய்ய வேண்டியதற்கு வருவோம்.

முதலில் அவன் எந்தப் படியில் நிற்கிறான் என்று பாருங்கள். வகுப்பில் வேண்டாம். மதிய உணவு முடிந்த பிறகு, மற்றவர்கள் விளையாடும்போது, "இந்தப் புத்தகங்களை அடுக்க உதவி பண்ணு" என்று ஒரு சாக்கு சொல்லிக் கூப்பிட்டு, பத்து நிமிடம். எழுத்துகளை வரிசையாகக் காட்டாதீர்கள், கலைத்துப் போட்டுக் காட்டுங்கள். க, கா, கி, கீ என்று பாட்டுப் போல ஒப்பிக்கிற பிள்ளைகள் நிறைய, நடுவிலிருந்து ‘கே’யை மட்டும் எடுத்துக் காட்டினால் மறுபடி ‘க’விலிருந்து மனசுக்குள் ஓடி வந்துதான் பிடிப்பார்கள். எழுத்து தெரிந்தால் இரண்டெழுத்து மூன்றெழுத்துச் சொல், அதுவும் வந்தால் ஒரு சின்ன வாக்கியம், அப்புறம் இரண்டாம் வகுப்புப் பத்தி ஒன்று. எங்கே தட்டுகிறதோ அங்கே நிறுத்தி, தேதி போட்டு ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அவன் எதிரில் எழுத வேண்டாம்.

எனக்குத் தெரிந்தவரை இந்த வயதுப் பிள்ளைகள் தட்டுகிற இடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். கெ, கே, கை எழுதும்போது குறி முன்னால் வருகிறது, ஒலி பின்னால் வருகிறது. கொ, கோ இரண்டிலும் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. உ, ஊ வரிசை சுத்தமாக ஒழுங்கில்லாதது, கு, சு, து மூன்றுக்கும் மூன்று மாதிரி வால். அப்புறம் ஒரே ‘க’ ‘பக்கம்’ என்பதில் ஒரு மாதிரி, ‘பகல்’ என்பதில் ஒரு மாதிரி, ‘பங்கு’ என்பதில் ஒரு மாதிரி ஒலிக்கிறது. உங்கள் பக்கம் வீட்டில் கன்னடம் பேசுகிற குடும்பங்களும் உண்டு, அந்த மொழியில் இந்த ஒலிகளுக்குத் தனித்தனி எழுத்து இருப்பதால் அந்தப் பிள்ளைகளுக்கு இது கூடுதல் குழப்பம், இவன் வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்று பாட்டியிடம் கேட்டு வையுங்கள். 247 எழுத்தையும் மறுபடி முதலிலிருந்து எழுத வைத்து அவனைக் கொல்லாதீர்கள். 12 உயிர், 18 மெய், ஆய்தம், 11 உயிர்க்குறி, புள்ளி, அவ்வளவுதான் கற்க வேண்டிய கருவி. உ, ஊ வரிசையை மட்டும் தனியாகப் பழக்கினால் போதும்.

எதை வாசிக்கக் கொடுப்பது என்பதுதான் பெரிய விஷயம். பன்னிரண்டு வயசுப் பையனிடம் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தால் அதைவிட அவமானம் கிடையாது, புத்தகத்தைப் பார்த்ததுமே ஓடிவிடுவான். அதனால் அவனையே பேச வையுங்கள். ஆடு மேய்த்தது, மீன் பிடித்தது, கிரிக்கெட்டில் யார் எத்தனை ரன், எதுவானாலும் சரி. அவன் சொல்கிற நாலு வரியை அவன் சொன்ன மாதிரியே நீங்கள் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், "வந்தாங்க" என்றால் "வந்தாங்க" என்றே, "வந்தார்கள்" என்று திருத்த வேண்டாம், அது பிறகு. தான் சொன்ன வரி என்பதால் அடுத்து என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும், தெரிந்ததை எழுத்தோடு பொருத்திப் பார்ப்பான். மறுநாள் அதே தாளிலிருந்து ஐந்து சொல்லை வெட்டிக் கலைத்துக் கொடுங்கள். தினமும் பதினைந்து நிமிடம், அதற்குமேல் வேண்டாம். வாரத்தில் ஒருநாள் ஒன்றரை மணி நேரம் உட்கார வைப்பதைவிட இந்தப் பதினைந்து நிமிடம் அதிகம் வேலை செய்யும்.

கொஞ்சம் பிடிபட்டதும் பள்ளிக் கல்வித் துறையின் ‘வாசிப்பு இயக்க’க் கதைப் புத்தகங்களை எடுங்கள், உங்கள் பள்ளிக்கும் வந்திருக்கும், ஏதாவது பீரோவில் கட்டுப் பிரிக்காமல்கூட இருக்கலாம். நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாகப் பிரித்திருக்கிறார்கள். ‘நுழை’ புத்தகத்தை இவனுக்கென்று கொடுக்காமல், "ரெண்டாம் வகுப்புப் பசங்களுக்கு வெள்ளிக்கிழமை நீதான் கதை வாசிச்சுக் காட்டணும்" என்று ஒரு பொறுப்பாகக் கொடுங்கள். சின்னப் புத்தகத்தைக் கையில் வைத்திருப்பதற்கு அவனுக்கு ஒரு கௌரவமான காரணம் கிடைத்துவிடும், வெள்ளிக்கிழமை வருவதற்குள் அந்தப் பக்கங்களைப் பத்து தடவை தானாகவே வாசித்துப் பார்த்துவிடுவான். நடுநிலைப் பள்ளியில் இருப்பதன் பெரிய லாபமே இதுதான், சின்னப் பிள்ளைகள் அதே வளாகத்தில் இருக்கிறார்கள்.

இந்த வருடம் ஆறு முதல் ஒன்பது வரைக்கும், படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கான ‘திறன்’ பயிற்சி வந்திருப்பது உங்களுக்கே தெரியும். அதற்கான பாடவேளையை ஏதாவது பதிவேற்ற வேலைக்கு விட்டுக்கொடுக்காமல் தலைமையாசிரியரிடம் பேசிக் காப்பாற்றிக்கொள்ளுங்கள், உங்கள் பதினைந்து நிமிடத்தையும் அதற்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். வகுப்பில் எழுந்து நின்று வரிசையாக வாசிக்கச் சொல்கிற பழக்கத்தை மட்டும் உடனே நிறுத்துங்கள். நன்றாக வாசிக்கிற பிள்ளைக்கு அதனால் எதுவும் கிடைப்பதில்லை, தடுமாறுகிற பிள்ளைக்கு அது தினசரி தூக்குமேடை. இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து மெதுவாக வாசிக்கச் சொல்லலாம், எல்லோரும் சேர்ந்து வாசிக்கலாம்.

வாயை மூடிக்கொள்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். அதை வெறும் கூச்சம் என்று எடுத்துக்கொள்வதற்கு முன் அவன் பற்களை ஒருமுறை பாருங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம் என்பது நமக்குப் புதிதில்லை, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளூரோசிஸ் தணிப்பு என்று இருக்கிறது. பல் உருவாகிற வயசில், ஏறக்குறைய எட்டு வயதுக்குள், அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பல்லில் சுண்ணாம்புத் திட்டோ பழுப்புக் கறையோ வந்துவிடுகிறது. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. பல் விளக்காதவன் என்று மற்ற பிள்ளைகள் கேலி செய்வார்கள், ஆசிரியர்களும் சில நேரம் "பல்லைத் தேய்ச்சிட்டு வாடா" என்று சொல்லிவிடுகிறோம். இவனுக்கு அப்படியா என்று எனக்குத் தெரியாது, இருந்தால் அறிவியல் பாடத்தில் தண்ணீர் பற்றி வரும்போது மொத்த வகுப்புக்கும் பொதுவாகச் சொல்லுங்கள், இது அழுக்கில்லை, தொற்றுவதில்லை, நம்ம ஊர்த் தண்ணீர் செய்கிற வேலை என்று. ஏழாம் வகுப்பில் பாதிப் பேர் நிமிர்ந்து உட்காருவார்கள். கறையைக் குறைக்கப் பல் மருத்துவத்தில் வழி உண்டு, அரசு மருத்துவமனையில் பல் பிரிவில் காட்டச் சொல்லலாம். பாட்டி வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரா, ஒகேனக்கல் தண்ணீரா என்பதையும் கேளுங்கள், வீட்டில் இன்னும் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்காகவாவது.

தூக்கத்துக்கு வருகிறேன். இதை மனச்சோர்வு என்று நினைக்கத் தோன்றும், இருக்கலாம், ஆனால் நான் முதலில் வயிற்றைக் கேட்பேன். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்து வரைக்கும்தான். உங்கள் பள்ளியில் அதே வளாகத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை உப்புமாவோ கிச்சடியோ சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குப் போகிறது, போன வருடத்துக்கு முந்தின வருடம் வரை சாப்பிட்ட இவன் இப்போது வாசனையோடு ஏழாம் வகுப்பில் வந்து உட்காருகிறான். பாட்டி வேலைக்குப் போகிறவரா, காலையில் அடுப்பு எரிகிறதா, ராத்திரி மிஞ்சின களியா, ஒன்றுமே இல்லையா என்று கேட்டுப் பாருங்கள், அவனிடம் இல்லை, பாட்டியிடம். பள்ளி மேலாண்மைக் குழுவில் எடுத்துப் பேசினால் ஆறு முதல் எட்டு வரைக்கும் காலையில் ஒரு டம்ளர் கேழ்வரகுக் கூழுக்கு ஊரில் யாராவது பொறுப்பெடுப்பார்கள், இந்த மாவட்டத்தில் கேழ்வரகுக்குப் பஞ்சமில்லை. குழு உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பது சட்டமே, கூட்டத்தில் கையெழுத்து வாங்குவதோடு நிறுத்தாமல் இப்படி ஏதாவது கேட்கலாம்.

அடுத்தது ரத்தசோகை. வாரம் ஒருமுறை கொடுக்கிற நீல நிற இரும்புச் சத்து மாத்திரையை நிஜமாகவே விழுங்குகிறானா, ஜன்னலுக்கு வெளியே எறிகிறானா? வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், அதனால்தான் எறிவார்கள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உங்கள் எதிரில் போட வையுங்கள். கண்ணையும் காதையும் பள்ளிக்கு வருகிற மருத்துவக் குழு பார்த்தபோது இவன் வந்திருந்தானா என்று பதிவேட்டில் பாருங்கள், அவர்கள் திங்கட்கிழமை வந்திருந்தால் தப்பியிருப்பான். ராத்திரி பெங்களூருக்கு வீடியோ கால் பேசிவிட்டு அப்படியே செல்போனோடு ஒரு மணி வரை விழித்திருக்கிறானா என்பதும் ஒரு கேள்வி. பாட்டியால் செல்போனைப் பிடுங்க முடியாது, அம்மா சொன்னால் கேட்பான்.

திங்கட்கிழமை ஏன்? எனக்கு இரண்டு சந்தேகம். ஒன்று, அப்பா அம்மா சனி ராத்திரி வந்து திங்கள் விடிகாலை பஸ் ஏறுகிறார்களா. அப்படியானால் அன்று அவன் பள்ளிக்கு வராதது வேறு விஷயம், மதியம் வந்தாலும் பரவாயில்லை, கதவு திறந்திருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். இரண்டு, ஞாயிற்றுக்கிழமை எங்கேயாவது வேலைக்குப் போகிறானா. ஞாயிறு ஒகேனக்கல்லில் எவ்வளவு கூட்டம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மீன் கழுவ, இலை போட, பாத்திரம் தேய்க்க ஒரு சின்னப் பையன் நூறு இருநூறுக்குக் கிடைத்தால் வேண்டாம் என்கிறவர்கள் குறைவு, முகூர்த்த நாளானால் கல்யாண மண்டபம். பதினான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம். ஆனால் அவனிடம் சட்டம் பேசினால் அடுத்த நாளிலிருந்து உங்களிடம் உண்மை பேச மாட்டான். காசு எதற்கு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள், பாட்டி மருந்துக்கா, செல்போன் ரீசார்ஜுக்கா, இரண்டுக்கும் நாம் செய்ய வேண்டியது வேறு வேறு.

பெற்றோரிடம் பேசுங்கள், ஆனால் வேலை நேரத்தில் கூப்பிட்டால் மேஸ்திரி பக்கத்தில் நிற்பார், "சரிங்க டீச்சர், சரிங்க டீச்சர்" என்பதற்குமேல் எதுவும் வராது. ஞாயிறு சாயங்காலம் கூப்பிடுங்கள். பள்ளியிலிருந்து போன் என்றாலே பையன் ஏதோ செய்துவிட்டான் என்றுதான் நடுங்குவார்கள், அதனால் முதல் போனில் குறையே வேண்டாம். அவன் எதையாவது செய்ததை மட்டும் சொல்லி வையுங்கள். அவன் நாலு வரி சரளமாக வாசிக்க ஆரம்பித்ததும் அதை வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அம்மாவுக்கு அனுப்ப வையுங்கள், அவன் சம்மதித்தால். அந்த அம்மா அதைப் பக்கத்துத் தகரக் கொட்டகை எல்லாவற்றுக்கும் போட்டுக் காட்டுவார், அது அவனுக்கு வந்து சேரும். எட்டாம் வகுப்பு முடிந்ததும் அவனையும் பெங்களூருக்கு அழைத்துப் போகிற யோசனை வீட்டில் இருந்தால் அதுவும் இந்தப் பேச்சுகளில்தான் வெளியே வரும். ஒன்பதாம் வகுப்புக்கு அரசு நல விடுதி ஒன்றில் சேர்த்துவிடலாம் என்கிற வழியை இப்போதே அவர்கள் காதில் போட்டு வையுங்கள்.

கவுன்சலிங் நீங்கள் கொடுக்கலாமா என்றால், வேண்டாம். கோபித்துக்கொள்ளாதீர்கள். "அம்மா ஞாபகம் வருதா? அழுகை வருதா?" என்று தோண்டிக் கேட்பதற்குப் பயிற்சி வேண்டும், கேட்ட பிறகு வருகிறதைத் தாங்கவும் ஆள் வேண்டும், நீங்கள் மணி அடித்ததும் அடுத்த வகுப்புக்குப் போக வேண்டியவர். தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், கோபப்படாத ஒரு பெரியவர் தனக்காகப் பதினைந்து நிமிடம் உட்காருகிறார் என்பதே அவனுக்குப் போதுமான அளவு பேசும். அவனாகச் சொன்னால் கேளுங்கள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சத்தியம் செய்துவிடாதீர்கள், ஏனென்றால் யாராவது அவனிடம் தப்பாக நடந்திருப்பது தெரியவந்தால், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்சோ சட்டப்படி நீங்கள் புகார் கொடுத்தே ஆக வேண்டும், அதில் தலைமையாசிரியரின் அனுமதிக்குக் காத்திருக்கவும் தேவையில்லை. 1098 குழந்தைகள் உதவி எண், உங்கள் செல்போனில் இப்போதே பதிந்துகொள்ளுங்கள். சாகணும் போலிருக்கிறது என்று சொன்னாலோ, உடம்பில் தானே கீறிக்கொண்டது தெரிந்தாலோ அன்றைக்கே வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லி, மருத்துவமனைக்கு. அந்த நேரத்தில் என்ன செய்வதென்று கேட்க அரசின் மனநல உதவி எண் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். பள்ளிக் கல்வி உதவிக்கு 14417.

ஒருவேளை மூன்று நான்கு மாதம் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தும் நோட்டில் எழுதிய தேதிகளுக்கு நடுவே எந்த அசைவும் இல்லையென்றால், நேற்று பிடித்த எழுத்து இன்று சுத்தமாக மறந்து போகிறதென்றால், வட்டார வள மையத்தில் உள்ள சிறப்பாசிரியரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கற்றல் குறைபாடு 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது, சான்று இருந்தால் பத்தாம் வகுப்புத் தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் கிடைக்கும். ஆனால் அதற்கு முன்னாலேயே "டிஸ்லெக்சியா" என்று ஆசிரியர் அறையில் பேச ஆரம்பித்துவிடாதீர்கள். இரண்டாம் வகுப்பையே பார்க்காத பையனுக்கு வாசிக்கத் தெரியாமல் போக வேறு நோய் எதுவும் தேவையில்லை.

செருப்பு கேட்டிருந்தீர்கள். வாங்கிக் கொடுக்கலாம், தாராளமாக, ஆனால் அதற்கு முன் அரசு கொடுக்கிற விலையில்லாக் காலணி இந்த வருடம் அவனுக்கு வந்ததா, அளவு சரியாக இருந்ததா என்று பாருங்கள். சின்னதாக வந்து கடிக்கிறது என்று வீட்டிலேயே கிடக்கும், மாற்றிக் கேட்டால் பல நேரம் கிடைக்கும். வாங்குவதானால் பாட்டி கையில் கொடுங்கள், வகுப்பில் வேண்டாம்.